மாதுங்கா சாலைப் பலகையில் ஒரு டாக்டர்

மாதுங்கா ஸ்டேஷனில் கிழக்கே இறங்கிக் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தால் அடுத்தடுத்து மூன்று சாலைகள் வருகின்றன. பண்டார்கர் ரோடு, தெலங் ரோடு, பாவ் தாஜி ரோடு. கோயிலுக்குப் போகவும், கதம்பமும் வாழையிலையும் வாங்கவும், வறுத்தரைத்த காப்பித் தூளுக்குக் காத்து நிற்கவும் நம்மவர் தலைமுறை தலைமுறையாய்ப் புழங்கிவரும் இடங்கள் இவை. பண்டார்கரும் தெலங்கும் சமஸ்கிருதப் பண்டிதர்கள் என்று ஓரளவு படித்தவர்களுக்குத் தெரியும். பாவ் தாஜி யார் என்று கேட்டால் அநேகமாய் யாரும் சொல்வதில்லை. யாரோ பழைய காலத்து மராத்தி டாக்டர் என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் தப்பில்லை.

டாக்டர்தான். ஆனால் கல்வெட்டுப் படித்த டாக்டர். பம்பாய் இன்னும் தீவாகவே இருந்த காலத்தில் இந்த நகரத்து ஜனங்களுக்காக மகஜர் எழுதியவர். இரண்டு முறை நகரத்தின் ஷெரீப். சம்பாதித்த பெரும் பணத்தைப் பங்கு வியாபாரத்தில் தொலைத்தவர். அவர் பெயரில் வந்த ஆராய்ச்சிகளில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அவரிடம் வேலை பார்த்தவருடையது என்ற கேள்வியும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

முழுப் பெயர் ராமச்சந்திர விட்டல் லாட். பிறந்தது 1822ல், கோவா எல்லையை ஒட்டிய சாவந்தவாடிச் சீமையில் ஒரு சிற்றூரில். கொங்கண் ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள் சாவந்தவாடி ரோடு என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். மரச்சாமான்களுக்கும் வர்ணப் பொம்மைகளுக்கும் பேர்போன பக்கம் அது. பாவ் தாஜியின் குடும்பத்துக்கும் பொம்மைதான் பிழைப்பு. ஆனால் மரத்தில் அல்ல, களிமண்ணில். மண் பொம்மை விற்று வந்த அந்த ஏழைக் குடும்பம் பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்து சேர்ந்தது. அப்போது பையனுக்கு வயது பத்து இருக்கும்.

பையனுக்குச் சதுரங்கம் நன்றாக வரும். அவன் ஆட்டத்தைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரர், இவனை இங்கிலீஷ் படிக்க வையுங்கள் என்று தகப்பனாரிடம் சொன்னார். தகப்பனாரும் கேட்டுக்கொண்டார். எல்பின்ஸ்டன் கல்விச்சாலையில் சேர்ந்த பாவ், பரிசுகளும் உபகாரச் சம்பளமும் வாங்கியே படித்தார். வீட்டிலிருந்து படிப்புக்குக் காசு கேட்கவில்லை. இளவயதிலேயே தந்தை காலமானார். தாயாரையும் தம்பி நாராயணனையும் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. படித்த இடத்திலேயே ஆசிரியர் வேலை கிடைத்தது. கத்தியவார், கட்ச் பகுதிகளில் பெண் குழந்தைகளைப் பிறந்தவுடன் கொன்றுவிடும் வழக்கத்தைப் பற்றி அப்போது அவர் எழுதிய கட்டுரை பரிசு பெற்றது.

1845ல் பைகுலாவில், ஜே.ஜே. ஆஸ்பத்திரியை ஒட்டி, கிராண்ட் மெடிக்கல் காலேஜ் திறந்தார்கள். வாத்தியார் வேலையில் இருந்தவர் மறுபடி மாணவரானார். அந்தக் காலேஜின் முதல் அணியில் தேறிய மிகச் சிலரில் ஒருவராய் வெளியே வந்து 1851ல் தொழில் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே பம்பாயில் அதிகம் பேர் தேடிவரும் இந்திய டாக்டர் அவர்தான் என்றாயிற்று. பணக்காரர்களிடம் வாங்கினார்; ஏழைகளுக்குத் தம்பியோடு சேர்ந்து இலவச மருந்துச் சாலை நடத்தினார். தம்பி நாராயண தாஜியும் அதே காலேஜில் படித்துப் பெயர் பெற்ற டாக்டரானவர். போட்டோ பிடிப்பதிலும் கெட்டிக்காரர்.

இங்கிலீஷ் வைத்தியம் படித்தவர் பழைய வைத்தியச் சுவடிகளை ஒதுக்கவில்லை. சமஸ்கிருத வைத்திய நூல்களைப் படித்து, அவற்றில் சொல்லிய மூலிகைகளைத் தாமே பரீட்சித்துப் பார்த்தார். குஷ்டரோகத்துக்கு அவர் கொடுத்துவந்த எண்ணெய் வெகு பிரசித்தம். மராத்தியில் கவ்டி என்பார்கள். நம் சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்று சொல்லும் அதே மரத்தின் விதையிலிருந்து எடுப்பது. மருந்து இன்னதென்று முதலில் வெளியிடாமல் வைத்திருந்ததற்காக அவரைக் குறை கூறியவர்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டாப்சோன் போன்ற மாத்திரைகள் வரும்வரை, இந்த இனத்து மரங்களின் விதை எண்ணெய்தான் உலகம் முழுவதும் அந்த நோய்க்குக் கைகொடுத்தது.

அந்தக் காலத்துப் பம்பாயை இன்றுள்ளவர்கள் மனதில் கொண்டுவருவது கடினம். கொலாபாவில் தொடங்கி மாஹிம் வரை ஏழு தீவுகள். இடையில் கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு. அவற்றைத் தூர்த்து அணைகட்டி ஒன்றாக்கிய பிறகும், சுற்றிலும் தண்ணீர்தான். மாஹிமிலிருந்து பாந்திராவுக்குப் பாதை போட்டது 1845ல். போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16ஆம் தேதி. அன்று பாவ் தாஜிக்கு வயது முப்பது. துறைமுகமும் கோட்டையும் கவர்னரும் இருந்த ஊர். ஆனால் ஊர்க்காரர்கள் குறையைச் சொல்லிக்கொள்ள ஒரு சபை கிடையாது.

அந்தக் குறை 1852 ஆகஸ்டில் தீர்ந்தது. ஜகந்நாத் சங்கர்சேட் தலைமையில் பம்பாய் அசோசியேஷன் என்ற சங்கம் தொடங்கியது. மராத்தியர், பார்சிகள், குஜராத்தியர் எல்லோரும் சேர்ந்த சங்கம். காங்கிரஸ் மகாசபை பிறக்க இன்னும் முப்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தன. இதன் காரியதரிசிகளில் ஒருவர் பாவ் தாஜி. கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படவிருந்த சமயம் அது. சட்டம் இயற்றும் சபையில் இந்நாட்டவருக்கும் இடம் வேண்டும், நிர்வாகச் செலவு மிதமிஞ்சிப் போகிறது என்றெல்லாம் இங்கிலாந்துப் பார்லிமெண்டுக்கு மகஜர் போயிற்று. கேட்டதில் பெரும்பகுதி அப்போது கிடைக்கவில்லை. கேட்கலாம் என்ற பழக்கம் மட்டும் வந்தது. பிறகு சர்வகலாசாலை 1857ல் ஏற்பட்டபோது அதன் முதல் பெல்லோக்களில் ஒருவரானார். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வாதாடி நின்றார்; நண்பர்கள் பணம் திரட்டி அவர் பெயரிலேயே ஒரு பெண்கள் பள்ளியை நிறுவினார்கள்.

மேடையில் பேசுவது வேறு, சாட்சிக் கூண்டில் ஏறுவது வேறு. 1862ல் அவர் கூண்டில் ஏறினார்.

வைஷ்ணவ குரு ஒருவரின் நடத்தையைக் கண்டித்துக் கர்சன்தாஸ் மூல்ஜி என்ற குஜராத்தி இளைஞர் தமது பத்திரிகையில் எழுதினார். பக்தர் வீட்டுப் பெண்களிடம் முறைதவறி நடக்கிறார் என்பது குற்றச்சாட்டு. ஜதுநாத்ஜி மகராஜ் என்ற அந்தக் குரு ஐம்பதாயிரம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். பம்பாய் சுப்ரீம் கோர்ட்டில் ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது ஊரே திரண்டு வந்ததாம். பத்திரிகைக்காரர் சொன்னது நிஜமா, பொய்யா? நேரில் கண்டவர் கோர்ட்டுக்கு வந்து சொல்வாரா? வியாபாரச் செல்வர்களின் சாதிக்கட்டு பலமாக இருந்த காலம். குருவுக்கு எதிராய்ச் சாட்சி சொன்னால் விலக்கு என்று பயமுறுத்தல் நடந்தது.

பாவ் தாஜி அந்த மகராஜ்களுக்கே வைத்தியம் பார்த்தவர். ஜதுநாத்ஜிக்கு மேகநோய் இருந்தது என்றும், தாம் அதற்குச் சிகிச்சை செய்ததாகவும் அவர் கோர்ட்டில் சொன்னார். இன்னொரு டாக்டரும் அதையே சொன்னார். வழக்கின் போக்கை மாற்றியது இந்த டாக்டர்களின் சாட்சியம். ஏப்ரல் மாதம் வந்த தீர்ப்பு முக்கிய விஷயத்தில் கர்சன்தாஸ் பக்கமே நின்றது. செலவுத் தொகையும் அவருக்குக் கிடைத்தது.

நோயாளி நம்பிச் சொன்னதை டாக்டர் சபையில் சொல்லலாமா என்பது இன்றைக்கும் கேட்கத்தக்க கேள்வி. என் மனதுக்கு அவர் செய்தது சரியாகவே படுகிறது. கோர்ட் சம்மன் வந்தபிறகு மறந்துபோயிற்று என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் பணக்கார நோயாளிகள் மிஞ்சியிருப்பார்கள். அந்த இளைஞர் அழிந்திருப்பார்.

இனி அவருடைய இன்னொரு முகம். பகலெல்லாம் நோயாளிகள், மிஞ்சிய நேரமெல்லாம் கல்லும் சுவடியும் காசும். இந்தியாவின் பழைய சரித்திரத்தை எழுத அன்று கையில் புத்தகம் ஏதும் இல்லை. எந்த அரசர் எந்த ஆண்டு, எந்தக் கவி எந்த நூற்றாண்டு என்பதெல்லாம் இருட்டு. அசோகரின் எழுத்தை வெள்ளைக்காரரான பிரின்செப் 1837 வாக்கில்தான் வாசித்து முடித்திருந்தார். அதற்குப் பின் இந்தியர்களே இந்த வேலைக்கு வந்தபோது முன்னணியில் நின்றவர்களில் பாவ் தாஜி ஒருவர். சமஸ்கிருதம் அவருக்குத் தண்ணீர்ப்பட்ட பாடு. ஐரோப்பியர் ஊகித்துப் படித்த இடங்களை அவர் இலக்கணம் தெரிந்து படித்தார்.

அஜந்தா குகைகளின் சாசனங்களை நேரில் போய்ப் பார்த்துப் படியெடுத்து வெளியிட்டார். ஜுனாகத்தில் கிர்நார் மலையடியில் ஒரு பெரும்பாறை இருக்கிறது. ஒரே பாறையில் மூன்று அரசர்களின் எழுத்து: அசோகர், கி.பி. 150ல் ருத்ரதாமன், ஐந்தாம் நூற்றாண்டில் ஸ்கந்தகுப்தன். பின்னவை இரண்டும் சொல்வது ஓர் ஏரியின் கதை. சந்திரகுப்த மௌரியன் காலத்தில் கட்டிய சுதர்சன ஏரியின் கரை புயல்மழையில் உடைகிறது. ஜனங்கள் மேல் வரியோ வெட்டிவேலையோ சுமத்தாமல் சொந்தப் பணத்தில் அடைத்ததாக ருத்ரதாமன் எழுதி வைக்கிறான். முந்நூறு ஆண்டு கழித்து மறுபடி உடைகிறது; ஸ்கந்தகுப்தனின் அதிகாரி அடைக்கிறார். கண்மாய்க் கரை உடைந்து இரவோடிரவாய் மண்மூட்டை போட்ட ஊர்களிலிருந்து வந்த நமக்கு இந்தக் கதை புதிதல்ல. பிரின்செப் காலத்திலேயே இதை வாசிக்க முயன்றிருந்தார்கள். அந்த இரண்டு சாசனங்களையும் மறுபடி படியெடுத்து, திருத்தமான பாடமும் மொழிபெயர்ப்பும் கொடுத்தது பாவ் தாஜியின் கட்டுரை.

மன்மாடுக்கும் புசாவலுக்கும் நடுவே சாலிஸ்காவ் ஜங்ஷன் இருக்கிறது. அங்கிருந்து சில மைல் தள்ளி, மலையடிக் காட்டில், பாடண் என்று பாழடைந்த ஓர் ஊர். அங்குள்ள தேவி கோயிலில் பாவ் தாஜி கண்டெடுத்த சாசனம் ஒன்று கணக்குப் படித்தவர்கள் எல்லோரும் அறியவேண்டியது. லீலாவதி என்ற கணித நூலை எழுதிய பாஸ்கராசாரியாரின் பேரன் சங்கதேவர் யாதவ அரசனிடம் ஜோசியராக இருந்தார். பாட்டனாரின் நூல்களைச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அவர் ஒரு மடம் ஏற்படுத்தினார். அதற்கு 1207 வாக்கில் விட்ட தானத்தைச் சொல்கிறது அந்தக் கல். பாஸ்கரரின் முன்னோர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கடைசிப் பகுதி பழைய மராத்தியில் இருக்கிறது. ஊரார் தானியத்திலும் எண்ணெயிலும் மடத்துக்குக் கொடுக்கவேண்டிய பங்கு அதில் எழுதியிருக்கிறது. பாஸ்கரர் கட்டுக்கதை மனிதரல்லர், வம்சமும் ஊரும் பேரனும் உள்ளவர் என்று கல்லே சாட்சி சொல்லிவிட்டது.

ஆரியபட்டர் விஷயமும் இப்படியே. அவருடைய நூல் தொலைந்துபோயிற்று என்றே ஐரோப்பியப் பண்டிதர்கள் நினைத்துவந்தார்கள். வேறு நூல்களை அவருடையது என்று சொல்லிக் குழப்பிக்கொண்டும் இருந்தார்கள். 1864ல் மலபார்ப் பக்கத்திலிருந்து பாவ் தாஜி உண்மையான நூலின் பிரதிகளைத் தேடிப் பெற்றார். ஆரியபடர், வராகமிகிரர், பிரம்மகுப்தர், பட்டோத்பலர், பாஸ்கரர் ஆகியோரின் காலத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1865ல் லண்டன் ஆசியாட்டிக் சொசைட்டி சஞ்சிகையில் வந்தது. பெயரைக்கூட அவர் திருத்தினார். பட்ட என்று ஒற்று இரட்டித்தால் பண்டிதன். பட என்றால் போர்வீரன். யாப்பையும் பழைய உரைகளையும் பார்த்தால் ஆரியபட என்பதே சரி என்று காட்டினார். 1975ல் விண்ணுக்குச் சென்ற இந்தியாவின் முதல் செயற்கைக்கோளுக்கு ஆங்கிலத்தில் எழுதிய பெயரில் ஒரே ஒரு டி-தான் இருந்தது. தமிழில் நாம் இன்னமும் இரண்டு போட்டுத்தான் எழுதுகிறோம். நானும் மேலே அப்படித்தான் எழுதினேன்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது நிலைத்தது என்று எழுதினால் பொய்யாகும். காளிதாசனும் காஷ்மீரத்தை ஆண்ட மாத்ருகுப்தன் என்ற கவியும் ஒருவரே என்று 1860ல் வாதித்தார். பின்வந்தவர்கள் ஏற்கவில்லை.

இனி முன்னே சொன்ன கேள்விக்கு வருவோம். ஒரு நகரத்து டாக்டர் நோயாளிகளை விட்டுவிட்டு மாதக்கணக்காய்க் காட்டிலும் மலையிலும் அலைய முடியுமா? முடியாது. அலைந்தவர் வேறொருவர்.

ஜுனாகத்துக்காரரான பகவான்லால் இந்திரஜி 1839ல் பிறந்தவர். ஏரிக் கதை எழுதிய பாறை அவர் ஊர்ப் பாறை. சிறு பிராயத்திலேயே அந்த எழுத்தின் மேல் ஆசைப்பட்டு, பிரின்செப்பின் எழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு தாமாகவே படிக்கக் கற்றார். இங்கிலீஷ் அவ்வளவாய்த் தெரியாது. கத்தியவாரில் அதிகாரியாயிருந்த கின்லாக் ஃபோர்ப்ஸ் இவரைப் பற்றிப் பாவ் தாஜிக்குச் சொன்னார். 1861 வாக்கில் இருபத்திரண்டு வயது வாலிபனாகப் பகவான்லால் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்.

அதற்குப்பின் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் பாவ் தாஜியின் கண்ணும் காலும் அவர்தான். குகை குகையாக ஏறினார். வடமதுரை, சாஞ்சி, ஒரிஸ்ஸா, கடைசியில் நேபாளம் வரை போனார். தேய்ந்த எழுத்தை வெயில் சாயும் நேரம் பார்த்துக் கண்ணால் படித்துக் கையால் எழுதி எடுத்துவந்தார். அந்தப் படிகளைப் பம்பாயில் பாவ் தாஜி ஆராய்ந்து, பொருள் கண்டு, இங்கிலீஷில் எழுதி, டவுன்ஹாலில் கூடிய ஆசியாட்டிக் சொசைட்டியில் வாசித்தார். கட்டுரைகளின் மேல் இருந்த பெயர் பாவ் தாஜி.

ஆபீஸில் நோட் எழுதுகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர் என்பதில் பழகிப்போன நமக்கு இதைப் படிக்கும்போது எந்தப் பக்கம் பரிவு சாயும் என்று சொல்லவேண்டியதில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் நியாயமாய்ப் பார்க்கவேண்டும். பாவ் தாஜி வெறும் கையெழுத்துக்காரரல்லர். சமஸ்கிருதமும் சரித்திரமும் அறிந்து தாமே உழைத்தவர். ஊரில் கிடந்த இளைஞனை அழைத்துவந்து, சம்பளம் கொடுத்து, சொந்தப் பணத்தில் தேசம் பூராவும் அனுப்பியவரும் அவரே. அந்தப் பணமும் சொசைட்டியின் வாசலும் இல்லாவிட்டால் பகவான்லால் ஜுனாகத்துப் பாறையோடு நின்றிருக்கக்கூடும். அப்படிச் சொன்ன பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: பாடுபட்டவர் பெயரும் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

கணக்கு பிற்பாடு தானாகவே நேர்ப்பட்டது. எஜமானர் காலத்துக்குப்பின் பகவான்லால் குஜராத்தியில் எழுத, ப்யூலர் முதலான பண்டிதர்கள் அதை இங்கிலீஷாக்கி அவர் பெயரிலேயே வெளியிட்டார்கள். நானாகாட், நாசிக் குகைச் சாசனங்கள் அவர் கையில் வந்தன. 1882ல் நாலாசோபாராவில் புத்த ஸ்தூபத்தைத் தோண்டியவர் அவரே. ஹாலந்து தேசத்து லைடன் சர்வகலாசாலை, இங்கிலீஷ் சரியாய்த் தெரியாத இந்தப் பண்டிதருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

கல்யாணைத் தாண்டி மூன்றாவது ஸ்டேஷன் அம்பர்நாத். அங்குள்ள பழைய சிவன் கோயிலில் வாசலின் மேல் ஒரு சாசனம் உண்டு. அதைப் பாவ் தாஜி முதலில் வெளியிட்டார். சக ஆண்டு 782, அதாவது கி.பி. 860 என்று படித்தார். பகவான்லால் பிறகு அதையே மறுபடி பார்த்து, முதல் எண் ஏழு அல்ல, ஒன்பது என்று கண்டார். 982, கி.பி. 1060. கோயிலின் வயதில் இருநூறு ஆண்டு குறைந்தது. சிலாகார மன்னன் மும்முனியின் காலமென்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்வது மாணவர் படித்த எண்ணைத்தான்.

பணத்தின் கதை இதைவிட விரைவாய் முடிந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பருத்தி வராமல் நின்றதும், லங்காஷயர் மில்கள் பம்பாய்ப் பருத்திக்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுத்தன. 1861லிருந்து நாலு வருஷம் இந்தத் தீவில் பணம் மழையாய்ப் பெய்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகள், பாங்குகள், பெயர்ப்பலகை மட்டுமே உள்ள கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் பங்கு விற்றது. வக்கீல், டாக்டர், குமாஸ்தா என்று எல்லோரும் பங்கு வாங்கினார்கள். 1865 வசந்தத்தில் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. ஜூலை முதல் தேதி பணம் கட்டவேண்டிய கெடுவில் நகரமே திவாலாயிற்று. கல்வெட்டில் ஓரெழுத்துக்கு ஒன்பது முறை யோசிக்கிறவர் பங்குச் சீட்டில் யோசிக்கவில்லை போலும். டாக்டர் தொழிலில் சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதி போயிற்று.

அவரோடு சேர்ந்து பாதியில் நின்ற இன்னொன்றும் உண்டு. ஜகந்நாத் சங்கர்சேட், டாக்டர் பர்ட்வுட் ஆகியோருடன் சேர்ந்து பாவ் தாஜி பாடுபட்ட மியூசியம் அது. 1862ல் கவர்னர் சர் பார்ட்டில் ப்ரியர் அஸ்திவாரக்கல் வைத்தார். நன்கொடைக்கு வாக்களித்த செல்வர்களே திவாலான பிறகு கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? கடைசியில் சர்க்கார் கைகொடுத்து முடித்தது. 1872 மே மாதம் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்ற பெயரில் திறந்தார்கள்.

பணம் போனபிறகும் ஊர் அவரைத் தள்ளிவிடவில்லை. 1869லும் 1871லும் ஷெரீப் ஆனார். கௌரவப் பதவிதான், ஆனால் நகர மக்களின் பொதுக்கூட்டத்தைக் கூட்டும் உரிமை ஷெரீப்பிடம் இருந்தது. மண் பொம்மை விற்றவரின் மகன் அந்த நாற்காலியில் இருமுறை உட்கார்ந்தார். வைத்தியம் தொடர்ந்தது. சுவடி வாங்குவதும் நிற்கவில்லை. பிறகு பக்கவாதம் வந்தது. 1874 மே மாதம், ஐம்பத்திரண்டு வயது நிறையாமலே இறந்தார். அதே ஆண்டில்தான் லைடன் நகரத்தில் கெர்ன் என்ற பண்டிதர் ஆரியபடரின் நூலை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். தம்பி நாராயணன் அடுத்த ஆண்டே போய்விட்டார்.

சிதறிக்கிடந்த அவருடைய கட்டுரைகளைச் சேர்த்து 1888ல் கல்கத்தாவில் புத்தகமாக்கினார்கள். அவர் பெயர் தாங்கிய சுவடித் தொகுதி ஆசியாட்டிக் சொசைட்டியில், பழைய டவுன்ஹாலில், இன்றும் இருக்கிறது. மியூசியத்துக்கு 1975 நவம்பரில் டாக்டர் பாவ் தாஜி லாட் மியூசியம் என்று பெயர் மாற்றினார்கள். நாட்பட்டுப் பழுதாகிக் கிடந்த கட்டடத்தைப் பழைய அழகு கெடாமல் புதுப்பித்து 2008 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள்.

பைகுலாவில் ராணிபாக் தோட்டத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு புலி பார்க்கப் போகாத நம்மவர் குறைவு. வாசலை ஒட்டியே இருக்கிறது அந்த மியூசியம். பக்கத்துத் தோட்டத்தில் எலிபெண்டா தீவிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைத்த கல்யானை நிற்கிறது. உள்ளே மாடியில் கண்ணாடிப் பெட்டிகள். பம்பாய்க்காரர்களின் உடுப்பு, தலைப்பாகை, தொழில், கிராமத்து வாழ்க்கை எல்லாவற்றையும் சின்னச் சின்ன உருவங்களாய்ச் செய்து வரிசை வரிசையாய் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் களிமண் பொம்மைகள். பாவ் தாஜி காலத்துக்குப் பிறகு செய்தவை அவை. இருந்தாலும் அவர் பெயருள்ள கட்டடத்தில் அவற்றைப் பார்க்கிறபோது சாவந்தவாடி ஞாபகம் வரத்தான் செய்கிறது. மாதுங்காவிலிருந்து ஸ்லோ வண்டியில் ஐந்தாவது ஸ்டேஷன் பைகுலா. கிழக்குப் பக்கமாய் இறங்கவேண்டும்.